முழங்கால் உயரத்தில் நின்ற கம்பி

மரக்காணம் உப்பளத்தில் சூர்யகலாவின் பெயரைத் தனியாக யாரும் கூப்பிட்டதில்லை. காலையில் ஆள் எண்ணும்போது மேஸ்திரி காசிலிங்கம் "சூர்யகலா திரௌபதி" என்று ஒரே மூச்சில் சொல்வார். புதிதாகக் கேட்பவர்களுக்கு அது ஒரே பெண்ணின் நீளமான பெயர் போலத் தோன்றும். பதினான்கு வருடமாக அவர்கள் இருவரும் சுமை ஜோடி.

ஈர உப்பு நிறைந்த கூடையை அங்கே எந்தப் பெண்ணும் தனியாகத் தலைக்கு ஏற்றுவதில்லை. குனிந்து, கூடையை முழங்கால் உயரம் வரைக்கும் கொண்டு வருவாள். அங்கே ஒரு கணம் நிறுத்துவாள். எதிரில் நிற்கும் ஜோடிக்காரி கூடையின் அடியில் கை கொடுப்பாள். இரண்டு பேருடைய மூச்சும் ஒன்றாகச் சேர, கூடை தலைக்குப் போய்விடும். சூர்யகலாவுக்குத் திரௌபதி தூக்கி விடுவாள். திரௌபதிக்கும் மற்ற ஜோடிகளில் இரண்டாமவளுக்கும், பாத்தியில் நின்று உப்பை அள்ளிப் போடும் பக்கிரி தூக்கி விடுவார். பிறகு இருவரும் ஒருவர் பின் ஒருவராக வரப்பில் நடந்து, மேட்டில் இருக்கும் குவியலில் கொட்டிவிட்டுத் திரும்புவார்கள். முன்னால் போவது எப்போதும் சூர்யகலா.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. அது அவர்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். மூன்று வருடமாகத் திரௌபதிக்குக் கண் சரியில்லை. பதினொரு மணிக்கு மேல், வெயில் உப்பில் பட்டுத் திரும்பும்போது, அவளுக்கு எல்லாமே வெள்ளையாகிவிடும். வரப்பு தெரியாது. வரப்பின் இடப்பக்கம் கடல் தண்ணீர் ஓடும் ஆழக் கால்வாய் தெரியாது. முன்னால் போகும் சூர்யகலாவின் கால் மட்டும் கறுப்பாக, மங்கலாகத் தெரியும். அந்தக் காலைப் பார்த்தே அவள் நடந்தாள். கண் முகாமில் ஆபரேஷன் என்றார்கள். பயந்துபோய், பாதி வரிசையிலேயே எழுந்து வந்துவிட்டாள். மேஸ்திரியிடம் சொன்னால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். வீட்டில் அவளுக்கென்று யாரும் இல்லை.

போன செப்டம்பர் கடைசியில், மழைக்கு முன் வாரிய கடைசி உப்பைச் சுமந்து போகும்போது சூர்யகலாவின் கால் வழுக்கியது. கூடையை விடாமல் சமாளித்து நின்றுவிட்டாள். ஆனால் இடுப்பு பிடித்துக்கொண்டது. மூன்று நாள் பாயிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை.

காசிலிங்கம் கெட்டவர் இல்லை. ரொட்டிப் பாக்கெட்டும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நாற்காலி போட்டும் உட்காராமல், நின்றபடியே சொன்னார்.

"இதோ பாரு சூர்யகலா. மழை முடிஞ்சி மாசியில வாரும்போது நீ ஷெட்டுக்கு வந்துடு. மூட்டை தெச்சிக்கினு உக்காந்திரு. சுமை உனக்கு வேணாம்."

"ரெண்டு மாசத்துல சரியாயிடும் மேஸ்திரி."

"இடுப்பு ஒருவாட்டி புடிச்சிகிச்சின்னா விடாது. நீ வரப்புல வுழுந்தா என்னத்தான் கேப்பாங்க."

"திரௌபதிக்கு?"

"அவளுக்கு வேற ஜோடி போடறேன். ஊருல ஆளா இல்ல?"

அவர் போன பிறகு சூர்யகலா கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள். வேறு ஜோடி என்றால் யாராவது சின்ன வயதுப் பெண்ணாக இருப்பாள். விறுவிறு என்று முன்னால் போய்விடுவாள். திரும்பிப் பார்க்க மாட்டாள். பின்னால் ஒருத்தி தலையில் முப்பது கிலோவோடு வெள்ளைக்குள் காலை வைப்பாள். அது வரப்பாகவும் இருக்கலாம், கால்வாயாகவும் இருக்கலாம்.

மாசிக்கு நாலரை மாதம் இருந்தது.

அரசு மருத்துவமனையில் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எலும்பில் ஒன்றும் இல்லை, தசைப்பிடிப்புதான், இப்போதைக்கு வெயிட் தூக்காதீர்கள் என்றார். மாத்திரை எழுதி, இடுப்புக்குப் பயிற்சி சொல்லித் தருவார்கள் என்று ஒரு பிசியோதெரபி கிளினிக்குக்கு அனுப்பினார். அங்கே இருந்தவள் ஜான்சி. இருபத்தொன்பது வயது. கல்லூரி நாட்களில் பளு தூக்கியவள். ஒரு மாதம் சூர்யகலாவைப் படுக்க வைத்து, காலைத் தூக்கச் சொல்லி, நடக்கச் சொல்லி, வலி விட்ட பிறகு ஒருநாள் சொன்னாள்:

"அக்கா, இனிமே நீங்க வெயிட் தூக்கணும்."

வெளியே ஷேர் ஆட்டோவோடு காத்திருந்த கணவன் மோகனுக்கு இதைக் கேட்டுச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஒருத்தர் தூக்காதன்றாரு. ஒருத்தங்க தூக்குன்றாங்க. நீ எதுக்கும் ரெண்டு பேரையும் ஒரே ரூம்ல வுட்டு கதவச் சாத்திட்டு வந்துடு."

"அது அப்போய்யா. இது இப்போ."

"சரி சரி. பயில்வான் ஆயிட்டா என்ன அடிக்காத."

கிளினிக் வேலை போக ஜான்சி நடத்திய பயிற்சிக்கூடம் கிழக்குக் கடற்கரைச் சாலையில், முன்பு இறால் தீவனம் வைத்திருந்த குடோன். நான்கு வருடம் ஆகியும் தீவன வாடை போகவில்லை. கம்பியைத் தாங்கும் இரும்புத் தூண்களை அவளுடைய அப்பா ஆரோக்கியராஜ் தன் பட்டறையில் பற்றவைத்துக் கொடுத்திருந்தார். உப்புக்காற்றில் இரும்பு இரண்டே நாளில் சிவந்துவிடும். ஆகவே காலையில் குடோனைத் திறந்து பெருக்கி, கம்பிகளுக்கு எண்ணெய் தடவுவது சூர்யகலாவின் பங்கு என்று பேச்சு. பயிற்சிக் கட்டணத்துக்கு அதுவே சரியாகிவிட்டது.

முதல் நாள் அவள் புடவைக்கு மேல் மோகனின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு வந்தாள். உப்பளத்துக்குப் போகும் அதே உடுப்பு. ஜான்சி வெறும் கம்பியை எடுத்து வருவதற்குள், துண்டைச் சுருட்டிச் சும்மாடு செய்து தலையில் வைத்துக்கொண்டு நேராக நின்றாள்.

"இன்னாக்கா இது?"

"தூக்கி வையி. போலாம்."

"எங்க போறது?"

"எங்கனா கொண்டுபோயி கொட்டணும் இல்ல?"

ஜான்சி கம்பியைத் திரும்பத் தூணில் வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தலையில இல்லக்கா. தோள்ல, பின்னால வெச்சிக்கணும். எங்கயும் போக வேணாம். உக்காந்து எந்திரிச்சி, எடுத்த எடத்துலயே வெச்சிடணும்."

"எடுத்த எடத்துலயே வைக்கறதுக்கா எடுக்கறது?"

ஜான்சி மறுபடி கம்பியைத் தூணிலிருந்து எடுத்தாள்.

திங்கள், புதன், வெள்ளி. வாரத்தில் மூன்று நாள். கம்பியைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது, தலைக்கு மேல் தள்ளுவது, தரையிலிருந்து இடுப்புவரை இழுப்பது. ஒவ்வொன்றும் ஐந்து ஐந்தாக மூன்று முறை. ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் எடை கூடும். மிச்ச நாளெல்லாம் ஓய்வு. வேறு ஒன்றும் இல்லை.

தலைக்கு மேல் தள்ளுவது அவளுக்கு விளையாட்டாக இருந்தது. முதுகு நூல் பிடித்தது போல நிற்கும். குடோனுக்கு வரும் கல்லூரிப் பெண்கள் அதைப் பார்த்துத் தங்கள் முதுகை நிமிர்த்திக்கொண்டார்கள். உட்கார்ந்து எழுவதில் மட்டும் முதல் வாரம் தொடை நடுங்கியது. முப்பது கிலோவைத் தலையில் வைத்து நாளெல்லாம் நடந்தவள், வெறும் கம்பியோடு மூன்றாவது தடவை எழ முடியாமல் தரையில் உட்கார்ந்து, தன் காலையே யாருடையதோ போலப் பார்த்தாள்.

"நடக்கற காலு வேற, எந்திரிக்கற காலு வேறக்கா," என்றாள் ஜான்சி. "வரும். முட்ட சாப்புடுங்க."

வந்தது. கார்த்திகை பிறக்கும்போது தொடை நடுக்கம் நின்றிருந்தது. வந்து சேராதது தரையிலிருந்து இழுப்பது ஒன்றுதான். முப்பத்தைந்து கிலோ வரைக்கும் எப்படியோ வந்தவள், நாற்பதில் நின்றுவிட்டாள். இரண்டு வாரம் அதே நாற்பது. கம்பி தரையைவிட்டு லேசாக எழும். முழங்காலுக்கு வந்ததும் நிற்கும். நின்றபடியே நடுங்கும். பிறகு இறங்கிவிடும்.

ஜான்சி கால் வைப்பதை மாற்றிப் பார்த்தாள். பிடியை மாற்றிப் பார்த்தாள். கடைசியில் போனில் படம் பிடித்துக் காட்டினாள்.

"முழங்கால்கிட்ட நிக்கறீங்கக்கா. பாருங்க."

"நான் எங்க நிக்கறேன்? அதுவா நிக்குது."

"முப்பதுலயும் நின்னீங்க. அப்ப தெரியல. இப்ப கனம், அதான் மாட்டிக்குது. எதுக்கு நிக்கறீங்க?"

சூர்யகலாவுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. ஒருவேளை மேஸ்திரி சொன்னதுதான் சரியோ, இடுப்பு அவ்வளவுதானோ என்று தோன்றியது. அதை ஜான்சியிடம் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய் மோகனிடமும் சொல்லவில்லை.

அந்தப் புதன்கிழமை தூறல் போட்டுக்கொண்டிருந்தது. வேலை இல்லாத திரௌபதி, அவித்த வேர்க்கடலையைப் பொட்டலம் கட்டிக்கொண்டு, ஜோடிக்காரி அப்படி என்னதான் செய்கிறாள் என்று பார்க்க வந்தாள். மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்து கடலை உரித்தாள். மேகம் போட்ட நாள் என்பதால் அவளுக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

சூர்யகலா குனிந்தாள். நாற்பது கிலோ. கம்பி எழுந்தது. முழங்காலுக்கு வந்தது. நின்றது.

"ஐயய்யோ, நிக்கறாளே! எல்லாரும் பாத்துக்கினு இருக்கீங்களே, ஈவு எரக்கம் இல்ல?"

கடலைத் தோல் சிதற ஓடி வந்த திரௌபதி, எதிரே நின்று, இரண்டு உள்ளங்கையையும் கம்பிக்கு அடியில் கொடுத்தாள். கம்பி பஞ்சு போல மேலே போனது.

"தொடாதீங்க! தொடாதீங்க!" என்று கத்திக்கொண்டே வந்த ஜான்சி பாதியில் நின்றாள். திரௌபதியின் கையைப் பார்த்தாள். சூர்யகலாவின் முகத்தைப் பார்த்தாள். இரண்டு பெண்களும் கம்பியை நடுவில் வைத்துக்கொண்டு, வேலை முடிந்த திருப்தியோடு நின்றுகொண்டிருந்தார்கள்.

"நீங்க எவ்ளோக்கா தூக்குனீங்க?" என்று திரௌபதியைக் கேட்டாள்.

"நான் எங்க தூக்குனேன்? சும்மா கை குடுத்தேன். அவதான் தூக்குனா."

ஜான்சி சூர்யகலாவின் பக்கம் திரும்பினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"உங்க இடுப்புல ஒண்ணும் இல்லக்கா. நீங்க முழங்கால்ல நிக்கறது, கை வரும்னு."

சூர்யகலா கம்பியைக் கீழே வைத்தாள்.

"இங்க கை வராது," என்றாள் ஜான்சி. "தரையிலேர்ந்து இடுப்பு வரைக்கும் ஒரே இழு. நடுவுல யாரும் இல்ல. நீங்க மட்டுந்தான்."

அவள் பயிற்சியைத்தான் சொன்னாள். வேறு எதையும் சொல்லவில்லை. ஆனாலும் குடோனில் அந்த வார்த்தை கொஞ்ச நேரம் நின்றது.

ஜான்சி திரௌபதியைக் கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொன்னாள். "ஒருத்தி பாதியில நிக்கும்போது பாத்துக்கினு உக்காந்திருந்தா அந்தப் பாவம் யாரச் சேரும்?" என்று முனகிக்கொண்டு திரௌபதி வெளியே தூறலில் போய், சுவரைப் பார்த்து நின்றாள். சூர்யகலா மறுபடி குனிந்தாள். முதல் தடவை நின்றுவிட்டது. இரண்டாவது தடவையும் நின்றது. மூன்றாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாள். கண்ணைத் திறந்தபோது கம்பி இடுப்பில் இருந்தது. எதிரே யாரும் இல்லை.

கல்லூரிப் பெண்கள் கை தட்டினார்கள். சூர்யகலாவின் கண்ணில் நீர் வழிந்தது. எதற்கு என்று பிறகு யோசித்துப் பார்த்தும் அவளுக்குத் தெரியவில்லை.

இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். கோயில் திருப்பத்தில் திரௌபதி சொன்னாள்:

"நல்லாத்தான் சொல்லிக் குடுக்குது அந்தப் பொண்ணு. நடுவுல யாரும் இல்லியாம்."

"அது கம்பிக்குச் சொன்னதுடி."

"எல்லாத்தையும் நீயே தூக்கிக்கறதுன்னா நான் இன்னாத்துக்கு?"

"லூசு. யாருக்காக இந்த இரும்பக் கட்டிக்கினு அழறேன்? நான் ஷெட்டுல உக்காந்துட்டா நீ யாரு காலப் பாத்துக்கினு நடப்ப?"

திரௌபதி நின்றாள். சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டாள்.

"ரோட்டுல கத்தாத," என்றாள். அதற்குப் பிறகு அவள் குடோனுக்கு வரவில்லை.

நாற்பத்திரண்டரை. நாற்பத்தைந்து. ஐம்பது. மார்கழி மழையில் சாலையில் தண்ணீர் நின்ற வாரத்திலும் சூர்யகலா ஒருநாள் தவறவில்லை. பொங்கலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை அறுபது கிலோவைத் தரையிலிருந்து ஐந்து முறை இழுத்தாள். எங்கேயும் நிற்கவில்லை. அன்றைக்கு மோகன் இரண்டு முட்டைக்குப் பதில் நாலு முட்டை அவித்துத் தட்டில் வைத்துவிட்டு, "தின்னு பயில்வான்" என்றான். கேலியாகச் சொல்லத்தான் நினைத்தான். குரல் அப்படி வரவில்லை.

மாசி முதல் வாரம் உப்பு வாரத் தொடங்கினார்கள். சூர்யகலா ஷெட்டுக்குப் போகாமல் நேராகப் பாத்திக்குப் போனாள். பக்கிரி அந்த வருடம் வேலைக்கு வரவில்லை. மகனோடு சென்னைக்குப் போய்விட்டார். அந்த இடத்தில் ஆள் இல்லாமல் காசிலிங்கம் காலையிலேயே எரிச்சலில் இருந்தார்.

"உன்ன ஷெட்டுக்கு இல்ல வரச் சொன்னேன்?"

"ஒரு கூட சுமக்கறேன் மேஸ்திரி. பாத்துட்டு சொல்லுங்க."

கூடை நிறைந்தது. வழக்கம் போலத் திரௌபதி எதிரே வந்து நின்று கையை நீட்டினாள்.

"நீ தள்ளு," என்றார் காசிலிங்கம். "அவ இடுப்பு தாங்குதான்னு நான் பாக்கணும். தனியா தூக்கட்டும்."

சுற்றி நின்ற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உப்பளத்தில் அப்படி யாரும் யாரையும் சொன்னதில்லை. சூர்யகலா கால்களை அகட்டி வைத்தாள். இடுப்பைப் பின்னால் தள்ளிக் குனிந்தாள். மூச்சைப் பிடித்தாள். கூடை தரையிலிருந்து இடுப்புக்கு வந்தது. இடுப்பிலிருந்து மார்புக்கு. மார்பிலிருந்து தலைக்கு. உப்புத் தண்ணீர் அவள் காதோரம் வழிந்தது. திரௌபதியின் கைகள் நீட்டியது நீட்டியபடியே இருந்தன. அவற்றை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

காசிலிங்கம் சிரித்துவிட்டார். நல்ல சிரிப்புதான்.

"அப்படிப் போடு! இறக்கு, இறக்கு. நீ சுமக்கவே வேணாம். பக்கிரி எடத்துல நில்லு. அள்ளிப் போட்டு எல்லாருக்கும் தூக்கி வுடு. நடை இல்ல, வழுக்கறது இல்ல. உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

அது மரியாதையான இடம். பெண்கள் யாரும் அதுவரை அங்கே நின்றதில்லை. சூர்யகலா கூடையை இறக்கவில்லை.

"வேணாம் மேஸ்திரி. நான் நடக்கறேன்."

"ஏன்?"

அவள் தலையில் கூடையைச் சரிசெய்துகொண்டாள்.

"ஏன்னு கேக்கறேன். நல்ல எடத்தக் குடுத்தா வேணான்றவளுக்கு ஒரு காரணம் இருக்கணும் இல்ல?"

காரணம் அவளுடையது இல்லை. அதனால் சொல்ல முடியவில்லை. தலையில் கூடையோடு, வரப்பைப் பார்த்தபடி நின்றாள். மணி ஒன்பதரை. இன்னும் ஒன்றரை மணி நேரத்தில் எல்லாம் வெள்ளையாகிவிடும்.

திரௌபதிக்கு முதலில் கோபம்தான் வந்தது. என் கையைத் தள்ளிவிட்டுத் தனியாகத் தூக்கிக் காட்டி, எல்லோரும் பார்க்க நல்ல பெயர் வாங்கிக்கொண்டாளே என்ற கோபம். பிறகு சூர்யகலா வாயை இறுக்கி மூடிக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள். அந்த இடத்தை அவள் யாருக்காக வேண்டாம் என்கிறாள் என்பது புரிய அதிக நேரம் ஆகவில்லை.

"அவளக் கேக்காதீங்க மேஸ்திரி," என்றாள். "எனக்குத்தான் கண்ணு தெரியல."

"இன்னாது?"

"பதினோரு மணிக்கு மேல ஒண்ணும் தெரியாது. மூணு வருசமா இவ காலப் பாத்துக்கினு நடக்கறேன். இவ இங்க நின்னுட்டா நான் காவாயிலதான் போவேன். போதுமா? இப்ப அனுப்புங்க ஊட்டுக்கு."

  காசிலிங்கத்தின் முகம் கறுத்துவிட்டது. மூன்று வருடமாகத் தன் வரப்பில் கண் தெரியாத ஒருத்தி சுமந்து போயிருக்கிறாள் என்ற நினைப்பில் அவருக்கு முதுகு வேர்த்திருக்க வேண்டும்.

"ஏம்மா, வுழுந்து செத்திருந்தா?" என்று கத்தினார். "ரெண்டு பேரும் சேந்து என்ன ஜெயிலுக்கு அனுப்பலாம்னு இருந்தீங்களா?"

"நடக்கறதுக்குத்தான் மேஸ்திரி கண்ணு வேணும்," என்றாள் சூர்யகலா. அப்போதுதான் அவளுக்கே அது தோன்றியது. "ஒரே எடத்துல நின்னு தூக்கி வுடறதுக்குக் கை போதும். பக்கிரி எடத்துல இவள நிறுத்துங்க."

"இவளா? ரெண்டு டஜன் பேருக்கா?"

"பதினாலு வருசமா என்னத் தூக்கி வுட்டது இவதான். அந்தக் கை எவ்ளோ தூக்கும்னு எனக்குத் தெரியும்."

"அள்ளிப் போடணுமே. வெயில்ல கூட எங்க இருக்குதுன்னு தெரியுமா?"

"கூட என் காலுகிட்ட இருக்குது. காவா எங்க இருக்குதுன்றதுதான் எனக்குத் தெரியாது," என்றாள் திரௌபதி.

யாரோ ஒரு பெண் சிரித்தாள். காசிலிங்கம் சிரிக்கவில்லை. வரப்பையும் கால்வாயையும் ஒருமுறை பார்த்தார். வேலை நின்று கால்மணி நேரம் ஆகியிருந்தது.

"ஒரு வாரம் பாக்கறேன். அதுக்குள்ள கண்ணாஸ்பத்திரிக்குப் போற. பாதியில எந்திரிச்சி வந்தேன்னு தெரிஞ்சுது, ரெண்டு பேரும் இந்தப் பக்கம் வரக்கூடாது. வரப்புல கால வைக்கக்கூடாது நீ."

"இவளே கூட்டிக்கினு போறேன்றா," என்று சூர்யகலாவைக் காட்டினாள் திரௌபதி. சூர்யகலா அப்படி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

பாத்திக்குள் இறங்கி நின்ற திரௌபதிக்கு, சூர்யகலா தலையில் கூடையோடு நின்றபடியே சொன்னாள்: "குனியும்போது முதுக வளைக்காத. இடுப்பப் பின்னால தள்ளு. இல்லன்னா மத்தியானத்துக்குள்ள படுத்துடுவ."

"போடி, சொல்ல வந்துட்டா. உப்பு கரைஞ்சி தலையில ஒழுகுது பாரு. கெளம்பு."

அடுத்த பெண் கூடையை முழங்காலுக்குக் கொண்டு வந்து நிறுத்தினாள். திரௌபதி கை கொடுத்தாள். கூடை ஏறியது.

சூர்யகலா வரப்பில் ஏறி நடந்தாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பாத்திகளில் வானம் கிடந்தது. குவியலில் உப்பைக் கொட்டிவிட்டு, காலிக் கூடையோடு திரும்பி வந்தபோது அவள் முறை இன்னும் வரவில்லை. நாலு பேர் அவளுக்கு முன்னால் நின்றிருந்தார்கள்.

"இன்னாடி, அதுக்குள்ள வந்துட்ட?" என்றாள் திரௌபதி.

மூன்று வருடமாகத் தான் மெதுவாக நடந்துகொண்டிருந்தது சூர்யகலாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை. கூடையைக் கவிழ்த்துத் தட்டி ஈரத்தை உதறிவிட்டு, வரிசையில் போய் நின்றாள்.